காலடியில் போன அலை

அண்ணி என்னதான் வேலை பார்க்கிறாள் என்பது நாத்தனாருக்குப் பிடிபடவே இல்லை. காலையில் பின்னறைக் கதவு சாத்தப்படும். உள்ளே விசைப்பலகை சத்தம் கேட்கும். சில நேரம் அதுவும் கேட்காது. எட்டிப் பார்த்தால், அண்ணி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடியை வெறித்துக்கொண்டிருப்பாள்.

"உண்மையச் சொல்லுங்க அண்ணி. இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

"கடிகாரத்தைச் சரி பண்றேன்டி."

"எந்தக் கடையில?"

கடை எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. எதுவும் ஒழுங்காக ஓடுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் ஒவ்வொன்றும் இன்டர்நெட் வழியாகத் தன்னைவிட நல்ல கடிகாரம் ஒன்றிடம் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அப்படிக் கேட்டுத் திருத்துகிற நிரல் ஒன்றைத்தான் அவள் பராமரித்துவந்தாள். சம்பளம் கொடுப்பது அதைப் பயன்படுத்துகிற ஒரு நிறுவனம்; ஆனால் நிரல் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், குறை சொல்லலாம், குறையைத் திருத்தியும் அனுப்பலாம். எத்தனையோ பேர் கைபட்டு வளர்ந்தது. எங்கெங்கே ஓடுகிறது என்று அதைப் பராமரிப்பவர்களுக்கே தெரியாது. குறை இருந்தால் மட்டும் எங்கிருந்தாவது ஒருவர் வந்து கதவைத் தட்டுவார்.

அன்றாடம் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டே பேர். அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான். அவள் பெயர் எறும்பு. இன்னொருவர் பெயர் நத்தை. நத்தை வேறு நாட்டில் இருந்தார். பதில் போட இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். போட்டால் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை.

சரியான கடிகாரம் என்று ஒன்று எங்குமே கிடையாது. தப்பான கடிகாரங்கள் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டுத்தான் ஏறக்குறைய சரியாகிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் புல்லரிக்கும். இதை ஒருநாள் நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் மணி சொல்றீங்க. சாப்பிட மட்டும் பத்து தடவை கூப்பிடணும்" என்றாள் நாத்தனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் அவளுக்கு வேலை. பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு "பிரேக், பிரேக்!" என்று கத்திக் கத்திக் குரலுக்கு ஒரு பலம் வந்திருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு குறை வந்தது. அனுப்பியவர் ஒரு நிலநடுக்க ஆய்வாளர். கைக்கு அடக்கமான சின்னப் பெட்டிகளை அவர் நாடு நாடாகப் பரப்பிவைத்திருந்தார். பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும், ஆர்வம் உள்ளவர்களின் வீட்டு மூலைகளிலும் அவை உட்கார்ந்திருந்தன. தரையில் எந்த நடுக்கம் வந்தாலும் பெட்டி அதை நேரத்தோடு குறித்து அனுப்பும். அந்த நேரத்துக்குத்தான் இவர்களுடைய நிரல்.

'பல பெட்டிகள் ஒரு நொடி முந்துகின்றன. சில, நான்கைந்து நொடி' என்று அவர் எழுதியிருந்தார். 'மற்றவர்களுக்கு இது பொருட்டில்லை. ஆனால் நிலத்தில் போகிற அலை ஒரு நொடியில் ஒரு சிற்றூரையே தாண்டிவிடும். எங்களுக்கு எல்லாப் பெட்டியும் ஒரே நேரம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பாட்டுப் பாடுகிற கூட்டம்தான்.'

நத்தையின் பதில் வழக்கத்துக்கு மாறாக அன்றே வந்தது. 'நிரலில் பிழை இல்லை. இணைப்பைச் சோதிக்கவும்.'

நேரத்தைக் கணக்கிடுகிற பகுதியை எழுதியவரே நத்தைதான். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 'எனக்கும் ஒரு பெட்டி அனுப்புங்கள்' என்று ஆய்வாளருக்கு எழுதிப்போட்டாள்.

பெட்டி வந்த அன்று அதை எங்கே வைப்பது என்று வீடே கூடி யோசித்தது. கெட்டியான தரை வேண்டும், மட்டமாக இருக்கவேண்டும். கணவன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மாடிப்படிக்கு அடியில் குவிந்திருந்த செருப்புகளைத் தள்ளிவிட்டு, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்து, டைல்ஸ் பசையால் பெட்டியைத் தரையோடு ஒட்டிவிட்டான்.

"இனிமே பூகம்பமே வந்தாலும் அசையாது" என்றான்.

"அசையணுங்க. அதுக்குத்தான் வெச்சிருக்கோம்."

"எலி மாட்டுமா இதுல?" என்றாள் நாத்தனார்.

எலி தவிர எல்லாம் மாட்டியது. தெருவில் பஸ் போனால் திரையில் ஒரு புடைப்பு. வாஷிங் மெஷின் துணி பிழிந்தால் ஒரு புதர். கணவன் படியிறங்கினால் முள்முள்ளாக வரிசை. நடு மதியத்தில் மட்டும் கால்மணி நேரம் சீரான இடி விழுந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்கு இரண்டு நாள் புரியவில்லை.

"ஏண்டி, மத்தியானத்துல மாடியில என்ன பண்ற?"

நாத்தனார் முகம் சிவந்துவிட்டது. "கயிறு குதிக்கிறேன். ஒடம்பு கொறைக்கலாம்னு... அதையெல்லாமா காட்டிக்குடுக்கும் அந்தச் சனியன்?"

அந்தக் கயிறாட்டத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. நாத்தனார், தான் குதிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் வீடியோ அனுப்பும்போதெல்லாம் பெட்டியின் கடிகாரம் முந்திக்கொண்டு ஓடியது. அனுப்பி முடித்ததும் மெல்லத் திரும்பி வந்தது.

அண்ணி பின்னறைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பெட்டி மணி கேட்கிறது, கேள்வி போகிறது, பதில் வருகிறது. பதிலைக் கேட்டு வாங்குவதற்குள் கொஞ்ச நேரம் கடந்துவிடுகிறது இல்லையா? போய்வந்த மொத்த நேரத்தில் பாதியை நிரல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போகிற வழியும் வருகிற வழியும் ஒரே அளவு என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆனால் வீடியோ வெளியே போய்க்கொண்டிருக்கும்போது போகிற வழியில் மட்டும் நெரிசல். வருகிற வழி காலி. பாதி பாதி என்பது அங்கே பொய்யாகிவிடுகிறது. பெட்டிகளோ ஓயாமல் எதையாவது வெளியே அனுப்பிக்கொண்டிருப்பவை. மெலிந்த இணைப்பு உள்ள வீடுகளில் அந்த நெரிசலே நொடிக் கணக்கில் ஏறிவிடும்.

நிரலும் பிழையில்லை, இணைப்பும் பிழையில்லை. நம்பிக்கைதான் பிழை.

'கேட்ட எல்லாப் பதிலையும் சராசரி போடவேண்டாம்' என்று அவள் நத்தைக்கு எழுதினாள். 'பல தடவை கேட்போம். எது சீக்கிரம் போய்வந்ததோ, அது நெரிசலில் சிக்கவில்லை என்று அர்த்தம். அதை மட்டும் நம்புவோம்.'

ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. கோபித்துக்கொண்டாரோ என்று அவள் தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். அடுத்த நாள் ஒரே ஒரு வரி வந்தது. 'பேச முடியுமா? குரலில்.'

அழைப்பு வந்தபோது முதலில் கேட்டது இரண்டு குழந்தைகளின் வீறிடல். பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"எறும்பா? ஒரு நிமிஷம். டேய், அவ காதை விடு! ம், சொல்லு."

"நத்தை... நீங்களா?"

"நானேதான். ஏன், மீசை வெச்ச ஆளா இருக்கும்னு நெனச்சியா?"

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். மீசையோடு, மூக்குக் கண்ணாடியும் சேர்த்து.

"இரட்டைப் புள்ளைங்க" என்றது அந்தக் குரல். "ஒரு கையில ஒண்ணு இருக்கும். மிச்சக் கையாலதான் டைப் பண்றது. அதான் நத்தை. உன் பேரைப் பாத்து நீ சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்."

"எனக்கு முடி நரைக்க ஆரம்பிச்சாச்சு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு நத்தை குரலை இறக்கினாள்.

"நீ சொல்றது சரிதான். ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், ஓட்டையே இல்ல. ஆனா ஒண்ணு கேளு. இதை நாம வெளியிட்டா, முந்தி ஓடுற கடிகாரமெல்லாம் பின்னால வரணும். படக்குனு பின்னால குதிச்சா என்ன ஆகும்? ஒரே நொடி ரெண்டு தடவை நடக்கும். எந்த எடத்துல எந்த மெஷின் அதைப் பாத்துக் குழம்பும்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது."

"அப்போ குதிக்க விடக்கூடாது."

"குதிக்கவே விடக்கூடாது. கொஞ்சம் மெதுவா ஓட விடணும், அவ்வளவுதான். பக்கத்துல வர்றவங்களுக்காக நடையைக் கொறைச்சுக்குவோம்ல, அது மாதிரி. நேரம் தானா வந்து சேந்துக்கும்."

அந்த மெதுவை எழுதி முடிக்க அவர்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. இவள் எழுத அவள் உடைத்தாள், அவள் எழுத இவள் உடைத்தாள். நடுநடுவே ஒரு குழந்தைக்குப் பல் முளைத்தது. கடைசியில் ஒரு காலைப்பொழுதில் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். ஆய்வாளரின் பெட்டிகள் ஒவ்வொன்றாக அதை இறக்கிக்கொண்டன. வெடிச்சத்தமா கேட்கப்போகிறது? ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ தெரியாத இடங்களில் தெரியாத கடிகாரங்கள் கொஞ்சம் நடையைக் குறைத்துக்கொண்டன. அவள் எழுந்துபோய்த் துணி காயப்போட்டாள்.

ஆய்வாளர் நன்றியோடு ஒரு வரைபடத்தின் முகவரியை அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் அதில் ஒரு புள்ளி. தரை மேலே போனால் புள்ளி சிவக்கும், கீழே போனால் நீலமாகும். அவள் திறந்து பார்த்தாள். மணலை அள்ளி இறைத்தது போலப் புள்ளிகள் அங்கங்கே சிவந்தும் நீலமாகியும் மினுக்கிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு வாஷிங் மெஷின், யார் வீட்டிலோ யாரோ கயிறு குதிக்கிறார்கள். மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்த வீட்டில் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள்.

விடிந்து வெயில் ஏறிய நேரம். ஒட்டவேண்டிய டைல்ஸ் வந்து சேராததால் கணவன் வீட்டில் இருந்தான். நாத்தனாருக்கு விடுமுறை; ஈரத்தலையோடு கொடியில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்தபோது ஆய்வாளரின் செய்தி காத்திருந்தது.

'வரைபடத்தைத் திறங்கள். உடனே. தூரக் கடலுக்கு அடியில் பெரிய நடுக்கம். பக்கத்தில் யாரும் வசிக்கவில்லை, கடலும் பொங்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலை நிலத்துக்கு ஏறப்போகிறது.'

அவள் திறந்தாள். அதே மணல், அதே மினுக்கல்.

பிறகு வரைபடத்தின் ஓரத்தில், கடற்கரையை ஒட்டியிருந்த புள்ளிகள் ஒன்றாகச் சிவந்தன.

ஒன்றிரண்டு அல்ல. கரை நெடுகிலும், கோடு கிழித்தது போல. அந்தச் சிவப்பு உள்ளே நகர்ந்தது. அதன் பின்னாலேயே ஒரு நீலப் பட்டை வந்தது, அதன் பின்னால் மறுபடி சிவப்பு. பட்டை பட்டையாக, அவசரமே இல்லாமல், எந்தப் புள்ளியையும் விட்டுவிடாமல் நாடு முழுவதையும் தாண்ட அது புறப்பட்டுவிட்டிருந்தது. மணல் என்று அவள் நினைத்தது மணல் இல்லை. அது ஒரே துணி. யாரோ அதை ஒரு முனையில் பிடித்து மெல்ல உதறியிருக்கிறார்கள்.

"ஏங்க!" அவள் போட்ட சத்தத்தில் கணவன் கரண்டியோடு ஓடிவந்தான். நாத்தனார் துண்டோடு வந்தாள்.

"என்னாச்சு?"

"பாருங்க. இந்தச் செவப்பெல்லாம் தரை தூக்கி நிக்கிற எடம். நீலமெல்லாம் எறங்குன எடம். வருது பாருங்க."

"எங்க வருது?"

"இங்கதான்."

கணவன் திரையைப் பார்த்தான், காலடியைப் பார்த்தான். "நம்ம வீடு எதும்மா?"

அவள் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். பட்டைக்கும் புள்ளிக்கும் நடுவே இன்னும் நாலு விரல் இடைவெளி இருந்தது.

"வெளிய ஓடிரலாமா?" என்றாள் நாத்தனார்.

"பயப்படாத. ஒரு அரிசி ஒயரம்கூட இருக்காது. ஒண்ணும் தெரியாது."

மூன்று பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வந்து, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். கணவன் எழுந்துபோய் ரசமட்டத்தை எடுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். அதன் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சமர்த்தாக நின்றது. இரண்டு விரல். ஒரு விரல். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் சிவந்தது. தீயணைப்பு நிலையம் சிவந்தது.

அவர்கள் புள்ளி சிவந்தது.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. எதிர்வீட்டில் யாரோ யாரையோ செல்போன் சார்ஜரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நிதானமாக வெளுத்தது, நீலமாயிற்று, மறுபடி சிவந்தது. தூங்குகிறவரின் மூச்சைவிட நிதானம் அது.

"குமிழி அசையலையே" என்றான் கணவன் ரகசியம் போல.

"குமிழியும் சேந்துதானே போகுது. நீங்க, நான், பெட்டி, வீடு, தெரு, எல்லாம் ஒண்ணா மேல போய் ஒண்ணா எறங்குறோம். எதை வெச்சு எதைப் பாக்குறது?"

அவன் உள்ளங்கையைத் தரையில் பதித்தான். எத்தனையோ வீடுகளின் தரையை மட்டம் பார்த்த கை. தரை அசையாது என்பதுதான் அவன் தொழிலின் முதல் எழுத்து. அவன் கையை எடுக்கவில்லை. நாத்தனார் வாயைத் திறந்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அப்படி அவள் வாயை மூடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பட்டைகள் அவர்களைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தன. அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. செல்போனை எடுத்தாள்.

"நத்தை! மேப்பைத் திற!"

"புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கேன். என்ன?"

"ஊட்டுறதை நிறுத்து. உன் பக்கம் வருது."

மறுமுனையில் எதுவோ உருண்டு விழுந்தது, நாற்காலி இழுபட்டது. பிறகு குழந்தைகளின் சத்தம் மட்டும்.

"எறும்பு" என்றது அந்தக் குரல் கடைசியில். "இது... நேரா இருக்கு. கோடு நேரா இருக்கு."

"ஆமா."

"முன்னாடி இது கலங்கலாத்தானே இருந்திருக்கும்? எல்லாம் ஆளுக்கொரு நேரம் சொல்லியிருக்கும்."

"ஆமா. இப்ப எல்லாம் ஒரே நேரம் சொல்லுது."

எல்லை தாண்டி, மலை தாண்டி, அவள் போயறியாத ஊர்களின் வழியாக அலை போயிற்று. இரண்டு பெண்களும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை நத்தையின் ஊரை நெருங்கியதும் இவள், "புள்ளைங்களைத் தரையில உக்கார வை" என்றாள்.

"வெச்சுட்டேன். நானும் உக்காந்துட்டேன்."

"இரு... இரு... இப்போ."

நத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒண்ணுமே தெரியல" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

"எனக்கும் தெரியல."

"கொஞ்ச நேரத்துக்கு முந்தி உன்னத் தூக்குனதுதானே இப்ப எங்களைத் தூக்குது?"

"அதேதான்."

நத்தையின் குழந்தைகளில் ஒன்று செல்போனைப் பிடுங்கி அதற்குள் ஏதோ நீளமாக ஒரு செய்தி சொல்லிற்று. அத்துடன் அழைப்பு அறுந்துபோயிற்று.

அதற்குள் ஆய்வாளர் அடுத்த செய்தியை அனுப்பியிருந்தார். 'முடிந்துவிட்டது என்று போய்விடாதீர்கள். அலை இரண்டு பக்கமும் புறப்பட்டது. நீங்கள் பார்த்தது கிட்ட வழியில் வந்தது. மற்றது பூமியின் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. மதியத்துக்கு மேல் வரும்.'

இதை அவள் படித்துச் சொன்னதும் நாத்தனாருக்குப் போன குரல் திரும்ப வந்துவிட்டது. தலையை அள்ளி முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். மதியச் சாப்பாடு ஆனதும் வீட்டில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா, பக்கத்துத் தையல் கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லாரும் மாடிப்படியிலும் கீழேயும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"எங்க அண்ணிதான் இதுக்கெல்லாம் கடிகாரம் பாத்துக்குறாங்க" என்றாள் நாத்தனார். "உலகத்துல எந்த மூலையில எது அசைஞ்சாலும் அண்ணியைக் கேக்காம அசையாது."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லங்க."

"சும்மா இருங்க அண்ணி. உங்களுக்குச் சொல்லத் தெரியாது."

அது வந்தது. வரும்போது வெளிறிப்போய், அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்து வந்தது. காலையில் நுழைந்த கரையிலிருந்து அல்ல, நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து. கடல்களின் அடியிலும் பாலைவனங்களின் அடியிலும், எத்தனையோ பேரின் சமையலறைகளுக்கும் படுக்கைகளுக்கும் அடியிலும், ஒருவரையும் எழுப்பாமல் கடந்து, களைத்த ஆள் போல வந்து சேர்ந்தது. இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, அதன் பின்னால் நீலமோ வெள்ளையோ என்று சொல்ல முடியாத ஒன்று. வீட்டுப் புள்ளியில் லேசாக நிறம் ஏறி இறங்கியது.

"இவ்வளவுதானா?" என்றார் தையல் கடைக்காரர்.

எதிர்வீட்டு அக்கா செருப்பைக் கழற்றித் தள்ளிவைத்துவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தையல் கடைக்காரர் அவளைப் பார்த்தார், திரையை மறுபடி பார்த்தார். மெதுவாகத் தன் காலையும் கீழே வைத்தார்.

"இன்னும் வருமா?" என்று கேட்டார், இந்தத் தடவை தாழ்ந்த குரலில்.

"சுத்திக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் அவள். "கொஞ்சம் கொஞ்சமா நம்ம பெட்டிக்குக் கேக்காமப் போயிரும். அவ்வளவுதான்."

கூட்டம் கலைந்த பிறகு அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. துணிக்கொடியை வெறித்துக்கொண்டு தான் யோசித்த அந்தப் பாதி நொடி, கால் நொடி எல்லாம் எங்கே போய் நின்றன என்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்துவிட்டாள். தன்னால்தான் அலை வந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது எப்போதும் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்திருக்கிறது. நேரம் ஒன்றானதும் தெரிந்தது.

டைல்ஸ் வந்துவிட்டதென்று கணவனுக்குச் செய்தி வந்தது. பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன் கூடத்தைக் கடக்கும்போது காலைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தான்.

"என்னங்க, பூனை மாதிரி நடக்குறீங்க?"

அவன் நின்று தரையைப் பார்த்தான். கூச்சத்தோடு சிரித்தான்.

"தெரியல. சும்மா ஒரு மரியாதை."